லூர்து தந்த பக்தை பெர்னதெத்

பிரான்ஸ் நாட்டின் தென்மேற்கே, பிரனீஸ் மலையடிவாரத்தில் உள்ளது லூர்து நகரம். அன்னை மரியாளை வழிபட உலகெங்கிலுமிருந்து ஆண்டுதோறும் பல லட்சம் பக்தர்கள் அங்கே செல்கின்றனர். அவ்வூரின் பெயரை உலகறியச் செய்தவள், எழுதப் படிக்கத் தெரியாத ஓர் ஏழைச் சிறுமி.

பெர்னதெத் சுபிரூ 1844 ஜனவரி 7-ஆம் நாள் பிறந்தாள். தந்தை மாவு ஆலை நடத்தியவர். ஆலை கைவிட்டுப் போக, குடும்பத்தை வறுமை சூழ்ந்தது. 1855-இல் பரவிய காலரா அவளையும் தாக்கியது. ஆஸ்துமாவோ அவளை இறுதிவரை விடவில்லை. முன்பு சிறையாக இருந்து கைவிடப்பட்ட ஓர் இருண்ட அறையே பெற்றோரும் நான்கு குழந்தைகளும் வாழ்ந்த வீடு. பதினான்கு வயதாகியும் அவள் முதல் நற்கருணை பெறவில்லை. வட்டாரப் பேச்சு மொழியன்றிப் பிரெஞ்சு மொழியும் அறியாள். அவளுக்கென்று இருந்த சொத்து ஒரு ஜெபமாலை மட்டுமே.

1858 பிப்ரவரி 11. தங்கையுடனும் தோழியுடனும் விறகு பொறுக்கச் சென்ற பெர்னதெத், மசபியேல் என்ற குகையில் வெண்ணிற ஆடை உடுத்த ஓர் இளம்பெண்ணைக் கண்டாள். அஞ்சி ஜெபமாலையை எடுத்தவளுக்குச் சிலுவை அடையாளம் வரையக் கை எழவில்லை. அந்தப் பெண்மணி தாமே சிலுவை அடையாளம் வரைந்த பிறகுதான் கை இயங்கியது. சிறுமி ஜெபிக்க ஜெபிக்க, அவரும் தம் கையிலிருந்த மாலையின் மணிகளை உதடு அசையாமல் உருட்டிக்கொண்டிருந்தார். ஜெபம் முடிந்ததும் மறைந்தார். பேசியது மூன்றாம் தரிசனத்தில்தான். அதற்கு முன் ஒரு வார்த்தையும் இல்லை. இருவரும் சேர்ந்து ஜெபித்ததே முதல் அறிமுகம். பக்தி நெறியில் பழகியவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

பேசியபோதும், பதினைந்து நாட்கள் அங்கு வர முடியுமா என்று மரியாதைப் பன்மையில் கேட்டார். ஊரார் ஒருமையில் விளித்து வந்த ஏழைச் சிறுமியை அந்த ஒரு சொல் எந்த அளவு நெகிழ்வித்திருக்கும்! பின்னாளில் அவள் இதை வியப்புடன் நினைவுகூர்ந்தாள்.

மொத்தம் பதினெட்டு தரிசனங்கள். பிப்ரவரி 25-இல் அவள் சேற்றைத் தோண்டிய இடத்தில் ஊற்று வெளிப்பட்டது. மார்ச் 25-இல் அப்பெண்மணி தம்மை அமல உற்பவம் என்று அறிவித்தார். காவல் அதிகாரி மிரட்டியும் பங்குத் தந்தை கடிந்தும் அவள் சொல் மாறவில்லை. எவர் தந்த பணத்தையும் அவள் தொடவில்லை. 1862-இல் மறைமாவட்ட ஆயர் தரிசனங்களை உண்மையென ஏற்றார்.

சில நூல்கள் இத்துடன் நிறைவு பெறுகின்றன. ஆனால் அவளுடைய சாதனை இதன் பின்னரே தொடங்குகிறது.

1866 ஜூலையில் லூர்தை விட்டு நெவேர் நகரக் கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். பின்னர் ஒருபோதும் லூர்து திரும்பவில்லை. வந்த மறுநாள், கூடியிருந்த சகோதரியரிடம் தரிசனங்களை ஒருமுறை விவரித்தாள். அதன்பின் அதுபற்றிப் பேசக் கூடாதென்று கட்டளை. நவகன்னியரின் தலைவி அவளிடம் கடுமையாகவே நடந்துகொண்டார். அதே ஆண்டு டிசம்பர் 8-இல், அமல உற்பவத் திருநாளன்று, தாய் லூர்தில் இறந்தார். மகளால் உடனிருக்க முடியவில்லை.

1867-இல் நோன்பு வாக்கு தந்தபோது, மற்றவர்களுக்கெல்லாம் ஊரும் பணியும் ஒதுக்கப்பட்டன. பெர்னதெத் எதற்கும் பயன்படாதவள் என்று தலைவி ஆயரிடம் கூறினார். அவள் அதை மறுக்கவில்லை. ஜெபிப்பதே உன் பணி என்று ஆயர் அவளுக்கு விதித்தார். மடத்து மருத்துவ அறையிலும் உதவினாள். நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதும் படுக்கை விரிப்பதும் ஊசி நூலால் பூவேலை செய்வதுமாக நாட்கள் சென்றன. ஒருமுறை லூர்து குகையின் படத்தைக் காட்டிய சகோதரியிடம், பெருக்கி முடித்தபின் துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் வைப்பது போல அன்னை தன்னை வைத்துவிட்டார் என்றும், அதுவே தனக்கு உரிய இடம் என்றும் சொன்னாள். இதில் கசப்பு சிறிதும் இல்லை.

1876-இல் லூர்தின் பேராலயம் பெருவிழாவுடன் அர்ப்பணிக்கப்பட்டபோது அவள் நெவேரில் நோயாளியாகவே இருந்தாள். முழங்கால் எலும்பில் காசநோய் பரவி, கடும் வேதனை தந்தது. 1933 டிசம்பர் 8-இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் அவளைப் புனிதையாக அறிவித்தார்.

1879 ஏப்ரல் 16. வயது 35. மரணப் படுக்கையில், சிறுவயது முதல் ஒவ்வொரு மணியிலும் சொல்லி வந்த மரியே வாழ்க என்ற ஜெபத்தின் பிற்பகுதியையே அவள் உச்சரித்தாள்: பாவியாகிய தனக்காக வேண்டிக்கொள்ளுமாறு அன்னையிடம் கேட்டாள்.