புயலை முந்திய தந்தி!

குட்டீஸ்... மழைக்காலம் வந்துவிட்டால், நாளைக்கு லீவு விடுவார்களா என்று, 'டிவி' வானிலை அறிக்கையைக் கண் கொட்டாமல் பார்ப்பீர்கள்தானே! இப்படி நாளைய வானிலையை இன்றே ஊருக்குச் சொல்லும் வழக்கத்தை ஆரம்பித்து வைத்தவர், ராபர்ட் ஃபிட்ஸ்ராய்.

இங்கிலாந்தில், 1805ல் பிறந்தார். 23 வயதிலேயே, 'பீகிள்' கப்பலுக்கு கேப்டன் ஆனார். பின்னாளில், விஞ்ஞானி டார்வினை ஏற்றிக்கொண்டு உலகம் சுற்றியதே... அதே கப்பல்தான்!

ஜனவரி 1829ல், தென் அமெரிக்கக் கடலோரத்தில் சூறைக்காற்று தாக்கி, மாலுமிகள் இருவர் இறந்தனர். காற்றழுத்தமானியில் பாதரசம் இறங்கியதைக் கண்டும், உடனே பாய்களைச் சுருக்காமல் விட்டோமே என்று வருந்தினார் ஃபிட்ஸ்ராய்.

பிரிட்டிஷ் அரசு, 1854ல், புதிய வானிலைத் துறைக்கு அவரைத் தலைவராக்கியது. உதவிக்கு மூன்றே பேர்! தகவல் சேகரிப்பது மட்டும்தான் வேலை. அக்டோபர் 1859ல், ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த, 'ராயல் சார்ட்டர்' என்ற கப்பல், ஊர் சேரும் நேரத்தில், வேல்ஸ் கரையில் புயலில் சிக்கி நொறுங்கியது. சுமார், 450 பேர் பலியாயினர்.

புயலை விட தந்தி வேகமாகப் போகுமே என்று யோசித்தார் ஃபிட்ஸ்ராய். கடலோர ஊர்களில் இருந்து தினமும் காற்றழுத்தம், காற்றின் திசை எல்லாம் தந்தியில் வந்து சேர்ந்தன. ஓரிடத்தில் அழுத்தம் சரிந்தால், மற்ற துறைமுகங்களுக்குத் தந்தி பறக்கும். அங்கே கம்பத்தில், கூம்பு, உருளை வடிவ அடையாளங்களை ஏற்றுவர். நம் துறைமுகங்களில் புயல் கூண்டு ஏற்றுகிறார்களே, அதுபோல!

ஆகஸ்ட் 1861 முதல், லண்டன், 'டைம்ஸ்' நாளிதழில் அவரது முன்னறிவிப்பு வெளிவந்தது. பலித்தால் யாரும் பாராட்டவில்லை. தப்பினால் ஊரே சிரித்தது. எச்சரிக்கையால் மீனவர்கள் கடலுக்குப் போகவில்லை என்று படகு முதலாளிகள் கோபப்பட்டனர். இது வெறும் ஊகம் என்றனர் விஞ்ஞானிகள். சொந்தப் பணத்தையும் செலவழித்து, உடல்நலம் கெட்டு, மனமுடைந்து, 1865ல் மறைந்தார் ஃபிட்ஸ்ராய்.

அடுத்த ஆண்டே எச்சரிக்கைகளை நிறுத்தியது அரசு. கடலை நம்பிப் பிழைத்தவர்கள் சும்மா இருப்பார்களா? எதிர்ப்புக் கிளம்பவே, 1867ல், புயல் எச்சரிக்கை மீண்டும் வந்தது.

பிபிசி வானொலி, 1922ல் துவங்கியபோது, வானிலை அறிக்கையும் கூடவே ஒலித்தது. கடலைப் பல பகுதிகளாகப் பிரித்து, பெயர் சொல்லி, கப்பல்களுக்கென்றே தனி அறிக்கையும் வாசிப்பர். அதில், ஸ்பெயின் அருகேயுள்ள ஒரு பகுதிக்கு, 2002ல், ஃபிட்ஸ்ராய் என்று பெயர் மாற்றினர். ஃபிட்ஸ்ராயில் காற்று எப்படி என்பதை, மாலுமிகள் வானொலியில் கேட்டுத் தெரிந்துகொள்கின்றனர்.