கொடுமுடியும் செங்கோட்டையும்

மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கத்திலிருந்து போன் வந்தபோது, பம்பு செட்டின் திறனை உயர்த்துவது எப்படி என்று எழுதித் தருவதாகச் சொன்னேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பம்பைத் தவிர வேறு எதை வேண்டுமானாலும் எழுது என்றார் நண்பர். போன மலரில் பம்பு பற்றி மட்டும் மூன்று கட்டுரைகளாம்!

அந்த வாரம்தான் 'மேஸ்ட்ரோ' என்ற ஆங்கிலப் படத்தை வீட்டில் பார்த்திருந்தோம். 2023-ல் வந்தது. லெனார்ட் பெர்ன்ஸ்டைன் என்ற புகழ்பெற்ற அமெரிக்க இசைக்குழு கண்டக்டரின் கதை. (நம்ம ஊரில் கண்டக்டர் என்றால் விசில் அடிக்கிறவர், அங்கே கையில் குச்சியோடு நூறு வாத்தியக்காரர்களை ஆட்டிவைக்கிறவர்.) படம் அவருடைய சங்கீதத்தைவிட, நடிகையாக இருந்த அவர் மனைவி ஃபெலீசியாவோடு அவர் நடத்திய சிக்கலான குடும்பத்தைத்தான் அதிகம் பேசுகிறது. கூட உட்கார்ந்து பார்த்த என் அம்மாவுக்கு சிவகிரிப் பக்கம். பாதிப் படத்தில், இதென்ன பெரிய கதை, நம்ம கொடுமுடியில் நடக்காததா என்று சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். அந்தக் கொடுமுடிக் கதைதான் இது.

கே.பி. சுந்தராம்பாள் 1908 அக்டோபரில் கொடுமுடியில் பிறந்தார். மகுடேசுவரர் கோயிலும் காவிரியும் உள்ள ஊர். தகப்பனார் சீக்கிரமே போய்விட, தாயார் பாலாம்பாள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பட்ட கஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல. சின்னப் பெண் ரயிலில் பாடிக் காசு வாங்கினாள். ஹாஸ்டலில் நம்மோடு இருந்த கரூர், திருச்சிப் பையன்கள் சனிக்கிழமையானால் துணி மூட்டையோடு ஏறுவார்களே, அதே ஈரோடு – கரூர் ரயில் பாதை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. குரலைக் கேட்டவர்கள் சிலர் கைதூக்கிவிட, வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். முதல் வேஷம் 'நல்லதங்காள்' நாடகத்தில், பசிக்கு அழுகிற பிள்ளை. அந்த வேஷத்துக்கு அவருக்கு யாரும் நடிப்புச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதில்லை.

அன்றைய நாடகத்தைப் பற்றி இன்றைய மாணவர்களுக்குக் கொஞ்சம் சொல்லணும். மைக் கிடையாது. கீற்றுக் கொட்டகை, ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து விடிய விடிய நடக்கும். 'ஸ்பெஷல் நாடகம்' என்றால் காண்ட்ராக்டர் பெயர்பெற்ற நடிகர்களை ஆளுக்கொரு ஊரிலிருந்து வரவழைத்து, ஒத்திகையே இல்லாமல் மேடை ஏற்றுவார். 'வள்ளி திருமணம்' எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் தினைப்புனத்தில் வள்ளியும் வேடனும் செய்யும் தர்க்கத்தில் எதிராளி அடுத்து என்ன பாடுவார், என்ன கேட்பார் என்று தெரியாது. பதில் வரவில்லையென்றால் விசில் பறக்கும். அது ஒரு பந்தயம். ஜனங்கள் காசு கொடுத்ததே அதற்குத்தான்.

இந்தப் பந்தயத்தில் ஆண்களில் யாரும் நெருங்க முடியாதவராக இருந்தவர் எஸ்.ஜி. கிட்டப்பா. 1906-ல் செங்கோட்டையில், பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். (செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம், 1956-ல்தான் நம்மோடு சேர்ந்தது.) இயற்பெயர் ராமகிருஷ்ணன். பால்யத்திலேயே சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகச் சபையில் மேடையேறி, பிறகு கன்னையா கம்பெனியின் 'தசாவதாரம்' மூலம் ஊரெல்லாம் பேர் வாங்கினார். அண்ணன் காசி அய்யர் ஆர்மோனியம்.

அவர் குரலைப் பற்றி எல்லோரும் வியந்து சொல்வது, நாலரை, ஐந்து கட்டை சுருதியில் பாடினார் என்பது. நம்ம ஆட்களுக்குக் கணக்காகச் சொன்னால்தான் பிடிபடும். ஆர்மோனியத்தின் முதல் வெள்ளைக் கட்டை ஒரு கட்டை, ஐந்தாவது வெள்ளை ஐந்து கட்டை. ஒரு கட்டையில் ஆதார ஷட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையில் 196. ஒன்றரை மடங்கு! ஆண்கள் பொதுவாக ஒன்று, ஒன்றரைக் கட்டையோடு நிற்பார்கள். ஐந்து என்பது பெண்களின் சுருதி. அதில் நின்றுகொண்டு மேல் ஸ்தாயிக்கும் போனால் குரல் கொட்டகையின் கடைசி வரிசை தாண்டி ரோட்டுக்குப் போகும். சுந்தராம்பாளுக்கும் அப்படிப்பட்ட வெண்கலக் குரல். அதாவது அந்தக் காலத்தில் இவர் சுருதிக்கு நிற்க அவரும், அவர் சுருதிக்கு நிற்க இவரும்தான். மற்ற ஜோடி யாரைப் போட்டாலும் ஒருவர் இறங்கியாகணும், இல்லை இன்னொருவர் கத்தியாகணும்.

இருவரும் சந்தித்தது 1926-ல், இலங்கையில். சுந்தராம்பாள் அங்கே ஏற்கனவே பெரிய பெயர். அவளோடு மேடையேறினால் உன் பேர் கெட்டுவிடும் என்று கிட்டப்பாவையும், அவரோடு பாடினால் தாங்கமாட்டாய் என்று இந்த அம்மாவையும் ஆட்கள் பயமுறுத்தினார்கள் என்று சொல்வார்கள். கொழும்பு மேடையில் இரண்டு பேரும் தோற்கவில்லை. அடுத்த வருஷமே, 1927-ல், மாயவரத்தில் கல்யாணம். அவருக்கு 21, இவருக்கு 19 கூட நிரம்பவில்லை.

சிக்கல் இங்கேதான். கிட்டப்பாவுக்கு 1924-லேயே கிட்டம்மாள் என்ற பெண்ணோடு கல்யாணம் ஆகியிருந்தது. இரண்டாம் தாரம் கட்டுவதற்கு அன்றைக்குச் சட்டத்தில் தடையில்லை. சென்னை மாகாணத்தில் அந்தத் தடை 1949-ல்தான் வந்தது. ஆனால் இது சாதி மாறிய கல்யாணம். அப்படிப்பட்ட கல்யாணம் செல்லுமா செல்லாதா என்பதே அந்நாளில் வழக்காடும் விஷயம். செல்லும் என்று மத்திய சட்டம் வந்ததும் அதே 1949-ல்தான். ஆக, மேடையில் ஆயிரம் பேர் முன்னால் வள்ளியாகவும் முருகனாகவும் இருந்த ஜோடி, மேடையை விட்டு இறங்கினால் அந்தப் பெண்ணுக்கு என்ன பெயர் என்று ஊருக்குத் தெரியவில்லை. செங்கோட்டை வீட்டில் மனைவி ஒருத்தி இருந்தார். கிட்டம்மாளின் பக்கத்தை இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. அந்த அம்மாவுக்கு வயிற்றெரிச்சல் இல்லாமலா இருந்திருக்கும்?

சேர்ந்து நடித்த நாட்களில் வசூல் கொட்டியது. இருவரும் காங்கிரஸ் பக்கம் சாய்ந்தார்கள், கதர் கட்டினார்கள், மேடையில் தேசியப் பாட்டுப் பாடினார்கள். வீட்டில்தான் சரியில்லை. 1928-ல் பிறந்த குழந்தை சில நாட்களிலேயே இறந்துவிட்டது. பிரிவு, சமாதானம், மறுபடி பிரிவு. கிட்டப்பாவுக்குக் குடிப்பழக்கம் வேறு. இரண்டு பேரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் பின்னாளில் அச்சில் வந்திருக்கின்றன. காதலும் இருக்கிறது, சந்தேகமும் இருக்கிறது, ஊர்வம்பைக் காதில் வாங்கிக்கொண்டு வந்த கோபமும் இருக்கிறது. சாமி சிலை மாதிரி நாம் நினைத்துக்கொண்டிருக்கிற அந்த அம்மா, புருஷன் வரவில்லையே என்று சண்டை போடுகிற இருபது வயசுப் பெண்ணாக அதில் தெரிகிறார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அதனால்தான்.

1933-ல் திருவாரூரில் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே கிட்டப்பா மயங்கி விழுந்தார். அந்த வருஷம் டிசம்பர் 2-ம் தேதி செங்கோட்டையில் காலமானார். வயது 27. அப்போது இருவரும் பிரிந்துதான் இருந்தார்கள்.

சுந்தராம்பாளுக்கு 25 வயது. நகையைக் கழற்றினார், வெள்ளைப் புடவை கட்டினார், இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். அதற்குப் பிறகு 47 வருஷம் உயிரோடு இருந்தார். அந்த முடிவு மாறவில்லை.

எங்க பக்கம் பெரியவர்கள் இதைப் பதிவிரதைக் கதையாகத்தான் சொல்வார்கள். சின்ன வயதில் நானும் அப்படித்தான் கேட்டேன். இப்போது எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. மனைவி என்று ஊர் ஒப்புக்கொள்ளத் தயங்கிய பெண், விதவை என்பதையாவது மறுக்க முடியாதபடி செய்துவிட்டார். தாலிக்குச் சாட்சி கேட்டவர்கள், வெள்ளைப் புடவைக்குச் சாட்சி கேட்க முடியுமா? ஆறு வருஷக் கல்யாணம், அதிலும் பாதி பிரிவு. அதை 47 வருஷம் உடம்பில் உடுத்திக்கொண்டு நடந்தார். பாசம் இல்லை என்று சொல்லவில்லை. பாசத்தோடு கொஞ்சம் பிடிவாதமும் இருந்தது என்கிறேன். கொங்கு நாட்டுப் பிடிவாதம்!

அவரை மூலையில் உட்கார்ந்து அழுத பெண் என்று நினைத்துவிடாதீர்கள். சத்தியமூர்த்தியோடு ஊர் ஊராகப் போய் காங்கிரசுக்குப் பாடினார். 'நந்தனார்' படத்துக்கு அழைத்தபோது, நடிக்க இஷ்டமில்லாமல், கேட்டவர் ஓடிவிடட்டும் என்று ஒரு லட்சம் ரூபாய் கேட்டாராம். தயாரிப்பாளர் சரி என்றுவிட்டார்! 1935-ல் ஒரு லட்சம். அதுவரை தென்னாட்டு சினிமாவில் யாரும் கேள்விப்படாத சம்பளம். படத்தைக் கல்கி கேலி செய்து, அதில் வரும் மரத்துக்கும் ஆட்டுக்கும் நடிப்புப் பாராட்டு கொடுத்தார் என்பது வேறு கதை.

அவர் நடித்த வேஷங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். நந்தனார்: ஆண் வேஷம். 1940-ல் 'மணிமேகலை': இளவரசனை ஒதுக்கித் துறவு பூண்டவள். 1953-ல் ஜெமினியின் 'ஔவையார்': கல்யாணம் வேண்டாம் என்று கிழவி உருவம் கேட்டு வாங்கியவள். 1964-ல் 'பூம்புகார்': கவுந்தியடிகள், சமணத் துறவி. 1973-ல் 'காரைக்கால் அம்மையார்': புருஷன் விட்டுப் போய் வேறு கல்யாணம் செய்துகொள்ள, அழகே வேண்டாம் என்று பேயுருவம் கேட்டவர். சினிமா என்றாலே காதல், டூயட் என்றிருந்த நாட்டில், ஒரு நடிகை ஜோடி இல்லாமல் இத்தனை காலம் கதாநாயகிக்குச் சமமாக நின்றிருக்கிறார். வேஷம் வந்ததா, அவர் தேர்ந்தெடுத்தாரா என்பதல்ல விஷயம். வேறு வேஷத்தோடு யாரும் அவர் வீட்டு வாசலுக்குப் போகத் துணியவில்லை. கடைசிப் படத்தில் இளமைக் காலத்து அம்மையாராக லட்சுமி நடிக்க, கணவன் விட்ட பிறகு வரும் உருவத்தில் இவர் வந்தார். தியேட்டரில் அன்று உட்கார்ந்திருந்த வயதானவர்களில் கிட்டப்பாவை நினைக்காதவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

பதவி, பட்டங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1950-களில் சட்டமன்ற மேலவை உறுப்பினர். சினிமாக்காரர் சட்டசபைக்குப் போவதை நம் மாநிலத்தில் தொடங்கிவைத்தவர் அவர்தான். 'துணைவன்' படத்தில் பாடியதற்கு 1969-ம் வருஷத்து தேசிய விருது, 1970-ல் பத்மஸ்ரீ. சொந்த ஊரில் ஒரு தியேட்டரும் கட்டினார். 1980-ல் காலமானார்.

'மேஸ்ட்ரோ' படத்தில் பெர்ன்ஸ்டைன் தம்பதி ஒருமுறை பிரிந்து, மனைவிக்குப் புற்றுநோய் வந்ததும் கணவர் திரும்பி வந்து பக்கத்தில் இருக்கிறார். 1978-ல் ஃபெலீசியா இறக்கும்போது பேசவேண்டியதைப் பேசித் தீர்த்திருந்தார்கள் என்ற ஆறுதலாவது நமக்குக் கிடைக்கிறது. கொடுமுடிக் கதையில் அதுவும் இல்லை.

நம்ம ஆட்கள் ஏன் இதைப் படமாக எடுக்கக் கூடாது என்று படம் பார்த்த அன்றே அம்மாவிடம் கேட்டேன். கிட்டப்பா மாதிரி பாட ஆள் எங்கே என்றார். நியாயமான கேள்வி. பெர்ன்ஸ்டைனாக நடித்தவருக்கு, அவர் கை எப்படி ஆடும், தலை எப்படிச் சிலும்பும் என்று பார்க்க எத்தனையோ பழைய டி.வி. பதிவுகள் இருந்தன. தமிழில் பேசும் படம் வந்தது 1931-ல். கிட்டப்பா 1933-ல் போய்விட்டார், ஒரு படத்திலும் நடிக்காமல். ஒரு பாட்டை மேடையில் அரைமணி நேரம் விரித்துப் பாடிய மனிதரின் குரல், பக்கத்துக்கு மூன்று நிமிஷம் ஓடுகிற இசைத்தட்டுகளில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதையும் ஹெட்போன் போட்டுக் கேட்டால் கரகரப்புக்கு நடுவில்தான் வருகிறது. நான் அந்தக் கரகரப்பைக் கம்ப்யூட்டரில் வடிகட்டிப் பார்த்தேன். இரைச்சலோடு சேர்ந்து குரலின் கூர்மையும் போய்விட்டது. மறுபடி பழையபடியே வைத்துவிட்டேன்.

சுந்தராம்பாளின் குரலுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பங்குனி உத்திரம் வந்தால் கொடுமுடியில் காவிரித் தீர்த்தம் எடுத்துக் காவடியோடு பழனிக்கு நடக்கிறார்களே, வழியெல்லாம் பந்தல் போட்டு நீர்மோர் கொடுக்கிற இடத்தில் குழாய் ஸ்பீக்கரில் அந்த அம்மாதான் பாடிக்கொண்டிருப்பார். 'திருவிளையாடல்' படத்தில் ஔவையாராக வந்து, கோபித்துக்கொண்டு பழனிக்குப் போன முருகனைச் சமாதானம் செய்கிற பாட்டு. எங்க அம்மா வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார். பாட்டு முடிந்ததும், பாவம் அந்தக் கிட்டப்பா என்பார். ஏனோ, பாவம் சுந்தராம்பாள் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.