மேலிடம் மதிக்காத பணியாளர்: தரங்கம்பாடியில் சீகன்பால்கு

1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் திகதி. ஏழு மாதங்களுக்கும் மேலான கடற்பயணத்தின் பின்னர் இரண்டு ஜேர்மனிய இளைஞர்கள் தரங்கம்பாடியில் கரையிறங்கினார்கள். அவர்களது கையில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் வழங்கிய நியமனம் இருந்தது. ஆனாலும் வரவேற்க எவரும் வரவில்லை. கோட்டையின் தளபதி ஹாசியஸ் அவர்களைப் பல மணி நேரம் காக்க வைத்தார். பிறகு, எதற்காக வந்தீர்கள் என்ற தோரணையில் விசாரித்துவிட்டுத் தெருவிலேயே விட்டுவிட்டுப் போனார். தங்குவதற்கு ஓர் இடம்கூட ஏற்பாடு செய்யப்பட்டிருக்கவில்லை.

அந்த இருவரில் ஒருவர் ஹென்ரிக் புளுட்சாவ். மற்றவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. அப்போது அவருக்கு வயது 24 கூட இல்லை, அல்லது அப்போதுதான் நிறைந்திருந்தது. தமிழில் புதிய ஏற்பாட்டை முதன்முதலில் அச்சேற்றியவர் என்று இன்று நாம் அறிந்திருக்கும் மனிதரின் பணி வாழ்க்கை இப்படித்தான் ஆரம்பித்தது.

தரங்கம்பாடி டேனியர் கைக்கு வந்த கதைக்கும் எமது தீவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1620இல் டேனியக் கப்பல்கள் முதலில் நாடி வந்தது இலங்கையைத்தான். திருகோணமலையில் காலூன்றும் முயற்சி கைகூடாமல் போகவே, அதே ஆண்டு தஞ்சை நாயக்க மன்னருடன் உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். அவர்கள் வந்தது வியாபாரத்திற்கு. சமயப் பணியாளர்கள் வந்தால் உள்ளூர் மக்கள் கொதிப்படைவார்கள், வியாபாரம் கெட்டுப்போகும் என்று கம்பனி அஞ்சியது. மன்னர் அனுப்பிய ஆட்களைத் திருப்பி அனுப்பவும் முடியவில்லை, ஏற்கவும் மனமில்லை. அந்த இழுபறியின் நடுவில்தான் சீகன்பால்கு வேலை செய்ய வேண்டியிருந்தது.

1682இல் ஜேர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். மரணப் படுக்கையில் இருந்த தாய், பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் சொத்து வேதாகமம் ஒன்றே என்று சொல்லிச் சென்றதாக அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. உடம்பும் நோஞ்சான் உடம்பு. ஹாலே நகரில் தொடங்கிய படிப்பை நோய் காரணமாகத் தொடர முடியவில்லை. தாய் விட்டுச்சென்ற அந்தச் சொத்தைத்தான் அவர் வாழ்நாள் முழுவதும் செலவழித்தார் எனலாம்.

தரங்கம்பாடியில் அவர் முதலில் செய்த வேலை, திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுத்துப் பழகியது. பனையோலைச் சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். 1708இல் அந்தச் சுவடிகளுக்கு ஒரு விபரப் பட்டியலே தயாரித்தார். கொன்றை வேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றை ஜேர்மன் மொழியில் பெயர்த்தார். அதே ஆண்டு ஒக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கினார்.

ஒரு மாதம்தான் கடந்திருக்கும். கணவனை இழந்த ஏழைத் தமிழ்ப் பெண்ணொருவரின் கடன் வழக்கில் அவருக்காகச் சீகன்பால்கு பரிந்து பேசினார். தளபதி ஹாசியஸுக்கு இது பொறுக்கவில்லை. நவம்பர் 19ஆம் திகதி சீகன்பால்கு கைது செய்யப்பட்டு, கோட்டைக்குள் தனியறையில் அடைக்கப்பட்டார். ஆரம்பத்தில் எழுதுகோலும் மையும்கூட மறுக்கப்பட்டன. தன்னை அனுப்பிய அரசின் கோட்டையிலேயே நான்கு மாதங்கள் கைதியாக இருந்தார்.

அந்த நான்கு மாதங்களும் வாசிப்பிலும் செபத்திலும் கழிந்தன. பின்னர் எழுதுவதற்கு வழி கிடைத்தபோது அவர் எழுதியது தளபதியைப் பற்றிய குற்றப்பத்திரிகை அல்ல. கடவுளுக்கு உகந்த கிறிஸ்தவ வாழ்வு எது, கடவுளுக்கு உகந்த போதகர் பணி எது என்பன பற்றியே எழுதினார். போதகனின் கடமை என்னவென்று ஒரு கைதி தனக்குத்தானே கேட்டுக்கொண்டதாகவே அதை வாசிக்கத் தோன்றுகிறது. மேலதிகாரியிடம் கிடைக்காத பதிலை அவர் வேறிடத்தில் தேடினார். தன் வேலைக்குக் கணக்குக் கேட்பவர் கோட்டையில் இல்லை என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது.

1709 மார்ச்சில் வெளியே வந்தவர், விட்ட இடத்திலிருந்து மொழிபெயர்ப்பைத் தொடர்ந்தார். 1711 மார்ச் 31ஆம் திகதி புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் முடிந்தது. அச்சு இயந்திரம் இங்கிலாந்திலிருந்து வந்தது. ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் அளவில் மிகப் பெரிதாக இருந்தன. அவற்றைக் கொண்டு அச்சிட்டால் காகிதம் போதாது. எனவே சிறிய எழுத்துகள் தரங்கம்பாடிப் பகுதியிலேயே வார்க்கப்பட்டன. 1715இல் அச்சு வேலை நிறைவடைந்தது.

தளபதி மட்டும் அவரைப் புரிந்துகொள்ளாமல் இருந்திருந்தால் அது எதிராளியின் பகை என்று விட்டுவிடலாம். ஆனால் சொந்தத் தரப்பும் அவரைப் புரிந்துகொள்ளவில்லை. தமிழர்களின் வழிபாட்டையும் தெய்வங்களையும் பற்றி 1713இல் அவர் பெரிய நூலொன்றை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அவர் மதித்த குருவான பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். புறச்சமயத்தை ஒழிக்கச் சென்றவர், அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்பக் கூடாது என்பது அவரது வாதம். அந்த நூல் அச்சேற 1867 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தமிழர் சமயம் பற்றி 1711இல் அவர் எழுதிய மற்றொரு நூல் 1926இல்தான் வெளிவந்தது. மதமாற்றம் என்ற அவரது நோக்கத்தை ஏற்காதவர்களுக்கும் இன்று அந்த நூல்கள் 18ஆம் நூற்றாண்டுத் தமிழ் வாழ்வின் பெறுமதியான சாட்சியங்கள்.

இறுதி அடி கொப்பன்ஹேகனிலிருந்து வந்தது. அங்கிருந்த மிஷன் சபையின் செயலாளர் வென்ட், அப்போஸ்தலர்களைப் போல வெறுங்கையோடு ஊர் ஊராகச் சென்று போதிப்பதே மிஷனரியின் வேலை என்று நம்பியவர். கோயில் கட்டுவதும் பள்ளி நடத்துவதும் அவருக்கு வீண் செலவாகத் தெரிந்தன. 1718 ஒக்டோபரில் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டது. நோயுற்றிருந்த சீகன்பால்குவுக்குப் பாராட்டுக்குப் பதிலாகக் கடுமையான கண்டனக் கடிதம் கிடைத்தது. அது அவரை உடைத்தது. நம்பிக்கை இருந்ததால் வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்.

1719 பெப்ரவரி 23ஆம் திகதி, தனக்குப் பிடித்த ஞானப்பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்டபடியே அவர் கண்மூடினார் என்று சொல்லப்படுகிறது. வயது 36. அந்த ஜனவரியில் கன்ரபரிப் பேராயர் வில்லியம் வேக் அவரது பணியை மனமுவந்து புகழ்ந்து ஒரு கடிதம் எழுதியிருந்தார். கடல் கடந்து அது வந்து சேர்ந்தபோது வாசிக்க அவர் இல்லை.

எமது மண்ணிலும் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். போர்க் காலத்தில் நியமனக் கடிதம் இல்லாமலே வகுப்பெடுத்த தொண்டர் ஆசிரியர்கள் எத்தனை பேர்? மருந்தில்லாத வைத்தியசாலையில் இரவு பகலாக நின்ற ஊழியர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு உரிய அங்கீகாரத்தைக் கேட்டுப் பெறுவது எங்கள் எல்லோரதும் கடமை. விசுவாசம் அந்த நீதிக்கு மாற்றீடு ஆகாது. சீகன்பால்குவும் வாய்மூடி இருந்தவர் அல்லர், அந்த ஏழைப் பெண்ணுக்காகப் பேசித்தான் சிறை சென்றார். ஆனால் நீதி வந்து சேரும் வரையான நீண்ட காலத்தில், மறுநாள் காலை எழுந்து மீண்டும் அதே வேலைக்குப் போகும் பலத்தை அவருக்குத் தந்தது அந்த விசுவாசம்தான்.

2004 ஆழிப்பேரலை தரங்கம்பாடியையும் தாக்கியது. அவர் கட்டிய ஆலயம் இன்னும் நிற்கிறது. அதற்குள்தான் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்.