அணுக்களின் ஈர்ப்பை எண்ணாக்கிய லினஸ் பாலிங்

பிளஸ் 1 வேதியியல் மாணவர்கள் தவறாமல் மனப்பாடம் செய்யும் எண்களுள் ஒன்று, ஃபுளூரினின் எலக்ட்ரான் கவர்தன்மையான 4.0. பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்களை ஓர் அணு தன்பால் ஈர்க்கும் திறனைக் குறிக்கும் இந்த அளவீட்டை வகுத்தவர் அமெரிக்க வேதியியலாளர் லினஸ் பாலிங்.

ஓரிகன் மாநிலம் போர்ட்லண்டில் 1901 பிப்ரவரி 28ஆம் தேதி அவர் பிறந்தார். மருந்துக்கடை நடத்திவந்த தந்தை, பாலிங்கின் ஒன்பதாவது வயதில் காலமானார். வறுமைக்கிடையே ஓரிகன் வேளாண் கல்லூரியில் பயின்று, 1925இல் கால்டெக் கல்வி நிறுவனத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் ஐரோப்பா சென்று, அப்போது உருவாகிக்கொண்டிருந்த குவாண்டம் இயக்கவியலைக் கற்றுத் திரும்பினார்.

1932இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் அடிப்படை எளிமையானது. ஹைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பை முறிக்க மோலுக்கு 436 கிலோஜூல் தேவை, குளோரினுக்கு 242. இவற்றின் சராசரி 339. எலக்ட்ரான்கள் சமமாகப் பகிரப்பட்டால் ஹைட்ரஜன் குளோரைடின் பிணைப்பு ஆற்றலும் ஏறத்தாழ அவ்வளவே இருக்க வேண்டும். ஆனால் அது 431 கிலோஜூல். இந்த 92 கிலோஜூல் கூடுதல், குளோரின் எலக்ட்ரான்களைத் தன்பக்கம் இழுப்பதால் விளைந்தது என்று பாலிங் கருதினார். அதை எலக்ட்ரான் வோல்ட்டாக மாற்றினால் 0.95, அதன் வர்க்கமூலம் 0.98. இன்றைய அட்டவணையில் குளோரினுக்கும் (3.16) ஹைட்ரஜனுக்கும் (2.20) உள்ள வேறுபாடு 0.96.

வர்க்கமூலம் ஏன் என்ற ஐயம் எழலாம். கூடுதல் ஆற்றலை அப்படியே எடுத்துக்கொண்டால் ஒரு தனிம இணையின் வேறுபாடு மற்ற இணைகளோடு கூட்டிப் பொருந்தவில்லை. வர்க்கமூலம் எடுத்தபோது பெருமளவு பொருந்தியது. இம்முறையில் கிடைப்பது வேறுபாடு மட்டுமே என்பதால், முதலில் ஹைட்ரஜனுக்குச் சுழியம் என வைத்து, பிற்பாடு ஃபுளூரின் 4.0 ஆகும்படி அளவுகோலை நகர்த்தினார். கார உலோக ஹைட்ரைடுகளில் கூட்டுச் சராசரி பொய்த்தபோது பெருக்குச் சராசரியைக் கையாண்டார்.

அவருடைய கணிப்புகள் எப்போதும் வென்றதில்லை. 1951இல் கோலாஜன் புரதத்துக்கு அவரது குழு முன்மொழிந்த வடிவம் தவறாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-55இல் அதன் மும்முறுக்கு இழை வடிவத்தை விளக்கினர். பின்னாளில் ராமச்சந்திரன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குச் சென்றார். டி.என்.ஏ.வுக்கு 1953இல் பாலிங் முன்வைத்த மூவிழை மாதிரியும் பிழையானதே.

1954இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்புதான், அரசியல் கருத்துகளைக் காரணம் காட்டி, லண்டன் செல்ல அவருக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டிருந்தது. அணு ஆயுதச் சோதனைகளை நிறுத்தக் கோரி 11,000க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளின் கையொப்பங்களைத் திரட்டினார். உதவியவர்களின் பெயர்களைத் தருமாறு 1960இல் அமெரிக்க செனட் துணைக்குழு கேட்டது. சிறை செல்லும் அபாயம் இருந்தும் அவர் இணங்கவில்லை.

1962ஆம் ஆண்டுக்கான அமைதி நோபல் பரிசு, பகுதியளவு சோதனைத் தடை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த 1963 அக்டோபர் 10 அன்று அறிவிக்கப்பட்டது. சில நாள்களில் கால்டெக்கிலிருந்து விலகுவதாக அவர் தெரிவித்தார். இரு நோபல் பரிசுகளை எவருடனும் பகிராமல் பெற்ற ஒரே மனிதரான பாலிங், 1994 ஆகஸ்ட் 19 அன்று கலிஃபோர்னியாவில் தமது 93ஆவது வயதில் காலமானார்.