மிட்டாயில் ஜிப்சம் தூள்: கலப்படத்தை கோர்ட்டுக்கு இழுத்த ஹார்வி வைலி யார்?

மிட்டாயின் எடையைக் கூட்டணும், செலவும் குறையணும். என்ன செய்யலாம்? சர்க்கரைக்குப் பதில் கொஞ்சம் ஜிப்சம் தூளைச் சேர்த்துவிடலாம். வெள்ளையாகத்தான் இருக்கும், யாருக்கும் தெரியாது. மஞ்சள் நிறம் வேணுமா? ஈயம் கொண்ட 'குரோம் மஞ்சள்' பெயின்ட் பொடி இருக்கிறது. 19-ம் நூற்றாண்டு அமெரிக்காவில் மலிவு மிட்டாய்களில் உண்மையிலேயே இப்படி நடந்தது. வாங்கிச் சாப்பிட்டது பெரும்பாலும் குழந்தைகள்.

இதற்கு எதிராக வந்த சட்டத்தின் முகமாக இருந்தவர் ஹார்வி வைலி.

விவசாயி மகன்

1844-ல் இண்டியானா மாநிலத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மருத்துவம் படித்தார், ஆனா மனசு போனது வேதியியல் பக்கம். பர்டியூ பல்கலைக்கழகத்தின் முதல் வேதியியல் பேராசிரியர் ஆனார். கடைகளில் விற்ற தேனையும் சர்க்கரைப் பாகையும் அங்கேதான் சோதித்துப் பார்த்தார். பலவற்றில் மலிவான குளுக்கோஸ் கலந்திருந்தது. 1883-ல் அமெரிக்க வேளாண் துறையின் தலைமை வேதியியலாளர் பதவி கிடைத்தது.

சட்டம் கேட்டு வருஷக்கணக்கில் போராடியும் நாடாளுமன்றம் அசையவில்லை. 1902-ல் 12 இளைஞர்களைத் திரட்டி, போராக்ஸ் போன்ற பதப்பொருட்களைச் சாப்பாட்டோடு கொடுத்து விளைவைக் கவனித்தார். பத்திரிகைகள் அவர்களுக்கு வைத்த பெயர் 'விஷப் படை'. நாடே பேசியது. 1906 ஜூன் 30-ல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் தூய உணவு, மருந்துச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

மிட்டாய்க்கு மட்டும் தனி விதி

இந்தச் சட்டத்தில் மிட்டாய்க்குத் தனிப் பிரிவு உண்டு. ஜிப்சம் தூள், பாரைட், டால்க், குரோம் மஞ்சள், வேறு கனிமப் பொருள், விஷ நிறம், மது, போதைப்பொருள்... இதில் எது இருந்தாலும் அது கலப்பட மிட்டாய்தான். ஆய்வகத்தில் அது இருப்பதைக் காட்டினால் போதும், உடம்பைக் கெடுக்கும் என்று தனியாக நிரூபிக்க வேண்டாம். அரசு வழக்குகளைத் தொடுத்தது, தீர்ப்புகளை அச்சிட்டு ஊரறிய வெளியிட்டது. மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு அனுப்பி மாட்டினால், முதல் முறை அபராதம் அதிகபட்சம் 200 டாலர். பெரிய தொகை இல்லைதான். ஆனா பெயர் கெடுமே!

சறுக்கிய இடம்

மற்ற உணவுகளில், சேர்த்த பொருள் உடம்புக்குக் கேடு என்று அரசுதான் நிரூபிக்கணும். வைலி திணறியது இங்கேதான். சாக்கரின் கூடாது என்று ரூஸ்வெல்ட்டிடமே வாதாடினார். அதிபரோ டாக்டர் சொன்னபடி தினமும் சாக்கரின் எடுத்துக்கொண்டவர், கோபம் வந்துவிட்டது. வைலியின் முடிவுகளை மறுஆய்வு செய்யத் தனி நிபுணர் குழு வந்தது. 1911-ல் கோகோ கோலாவின் காஃபின் மீதான வழக்கும் விசாரணை நீதிமன்றத்தில் தோற்றது. உச்ச நீதிமன்றம் 1916-ல் அதை மாற்றியபோது, வைலி பதவியில் இல்லை. 1912-லேயே ராஜினாமா செய்துவிட்டு, ஒரு பத்திரிகையின் ஆய்வகத்துக்குப் போயிருந்தார்.

1930 ஜூன் 30-ல் காலமானார். சட்டம் கையெழுத்தாகி அன்றோடு சரியாக 24 வருஷம்.

பட்டியல் போதுமா?

1907-ல் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட செயற்கைச் சாயங்கள் 7. அதில் ஒன்று 'ஆரஞ்சு 1'. 1950-ல் ஹாலோவீன் சமயத்தில் அந்தச் சாயம் போட்ட மிட்டாயைச் சாப்பிட்ட குழந்தைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அதன் பிறகே அது அனுமதிப் பட்டியலிலிருந்து போனது.

கூடாததைப் பெயர் சொல்லி எழுதி வைத்ததால்தான் மிட்டாய் வழக்குகளில் அரசின் வேலை சுலபமானது. ஆனா எழுதிய பட்டியலைத் திரும்பத் திரும்பச் சோதிக்காவிட்டால், அனுமதி வாங்கிய பொருளே ஒருநாள் குழந்தையின் வயிற்றைக் கெடுக்கும்.