டி.என்.ராஜரத்தினம் பிள்ளை: மூன்று நிமிட இசைத்தட்டில் தோடியை அடைத்தவர்!

பெரம்பலூர், அரியலூர் பக்கம் சமீபத்தில் ஏதாவது கல்யாணத்துக்குப் போனீங்களா? மண்டப வாசலில் ஸ்பீக்கர், பக்கத்தில் ஒரு பென் டிரைவ். முகூர்த்த நேரத்தில் ஒருவர் பட்டனை அழுத்தினால் கெட்டிமேளம் வந்துவிடும். சில மண்டபங்களில் நாதஸ்வரம், தவில் வாசிக்கிற ஆட்களையே பார்க்க முடிவதில்லை.

இந்த 'பதிவு செய்த நாதஸ்வரம்' என்ற சங்கதி எங்கே தொடங்கியது என்று பின்னோக்கிப் போனால், ஒரு பெயரைத் தாண்டிப் போகவே முடியாது. அவர்தான் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. யார் இவர், இவரது இசைத்தட்டுகள் ஏன் இன்னமும் பேசப்படுகின்றன?

யார் இந்த டி.என்.ஆர்?

1898 ஆகஸ்ட் 27-ல் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் பாலசுப்ரமணியம். தாய்மாமா திருமருகல் நடேச பிள்ளை, திருவாவடுதுறை ஆதீனத்தின் நாதஸ்வர வித்வான். அவரிடம்தான் பையன் வளர்ந்தான். பெயருக்கு முன்னால் இருக்கும் 'டி.என்.' என்ற இனிஷியல்கூட, திருமருகல் நடேசன் என்ற மாமாவின் பெயரிலிருந்து வந்ததுதான்.

முதலில் கற்றுக்கொண்டது வாய்ப்பாட்டு. பிறகு அம்மாசத்திரம் கண்ணுசாமி பிள்ளையிடம் நாதஸ்வரம். பின்னாளில் அவர் வாசிப்பைக் கேட்டவர்கள், குழலுக்குள் ஒரு பாடகர் உட்கார்ந்திருக்கிற மாதிரி உணர்ந்ததற்கு இந்தப் பாட்டுப் பயிற்சியும் ஒரு காரணம்.

திருவாவடுதுறை கொள்ளிடத்துக்குத் தென்கரைப் பக்கம். வடகரையில் ஜெயங்கொண்டமும் கங்கைகொண்டசோழபுரமும். அணைக்கரைப் பாலத்தைத் தாண்டினால் இந்தப் பக்கம் அரியலூர் மாவட்டம் வந்துவிடும். திருமழபாடி நந்தி கல்யாணமோ, கல்லங்குறிச்சி தேரோ, நாதஸ்வரம் இல்லாமல் சாமி புறப்பாடு இல்லை என்ற அதே பண்பாடுதான் இரண்டு கரைகளிலும்.

அவர் மாற்றியது என்ன?

முதலாவது, வாத்தியம். அப்போது புழக்கத்தில் இருந்தது 'திமிரி' என்ற குட்டையான நாதஸ்வரம். சுருதி அதிகம், சத்தம் கூர்மை. தெருவுக்கு அது சரி, கச்சேரி மேடைக்குக் காது கூசும். சுத்த மத்திமம் என்ற ஸ்வரமும் அதில் ஒழுங்காக நிற்காது. ராஜரத்தினத்தின் தேவைக்கேற்ப நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி நீளமான 'பாரி' நாதஸ்வரத்தைச் செய்துகொடுத்தார். குழல் நீண்டால் சுருதி இறங்கும், நாதம் கனமாகும். அந்த மத்திமமும் சரியாகப் பேசியது. இன்று நாம் கேட்பது பெரும்பாலும் இந்தப் பாரியைத்தான். நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

இரண்டாவது, மரியாதை. இசை வேளாளர் சமூகத்துக் கலைஞர்கள் சட்டை போடாமல், துண்டை இடுப்பில் கட்டி, மணிக்கணக்கில் நின்றபடியும் நடந்தபடியும் வாசித்த காலம் அது. பாடகருக்கு மேடை உண்டு, நாதஸ்வரக்காரருக்குத் தெருதான். ராஜரத்தினம் கிராப் வெட்டிக்கொண்டார். ஷெர்வானி போட்டார். பாடகர்களுக்குச் சமமாக மேடையில் உட்கார்ந்து வாசித்தார். சுருதிக்கு ஒத்து ஊதுவதற்குப் பதில் தம்பூரா வைத்துக்கொண்டார். சிலர் இதைத் திமிர் என்றார்கள். ஆனால் அவருக்குப் பின்னால் வந்த கலைஞர்கள் மேடையில் உட்கார முடிந்ததில் அந்தத் 'திமிரு'க்குப் பெரிய பங்கு உண்டு.

இசைத்தட்டு என்ன செய்தது?

கோயில் புறப்பாட்டில் தோடி ராக ஆலாபனையை மட்டுமே மணிக்கணக்கில் வாசிக்கக்கூடியவர் அவர். அன்றைய 78 சுற்று இசைத்தட்டிலோ ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான். இரவு முழுக்க ஓடுகிற ஆற்றைச் சொம்பில் பிடிக்கிற வேலை. எதை வைப்பது, எதை விடுவது என்று தீர்மானித்தே ஆகணும்.

அந்தச் சொம்புத் தண்ணீர்தான் ஊர் ஊராகப் போனது. அவரது தோடி இசைத்தட்டு தமிழ்நாட்டைத் தாண்டி, தமிழர்கள் வாழ்ந்த வெளிநாடுகளிலும் சுற்றியது. கோயில் வாசலில் நிற்கவே அனுமதி கிடைக்காத மனிதர்கள்கூட, கிராமபோன் வைத்திருந்த வீட்டுத் திண்ணையிலோ டீக்கடையிலோ நின்று அதைக் கேட்க முடிந்தது. வானொலியிலும் வாசித்தார். 1939-ல் திருச்சி வானொலி நிலையம் வந்தபோது பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தன.

1940-ல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய 'கவி காளமேகம்' படத்தில் கதாநாயகனாகவும் நடித்தார். 1947 ஆகஸ்ட் 14 அன்று நேருவிடம் செங்கோல் கொடுக்க டெல்லி போன ஆதீனக் குழுவோடு நாதஸ்வரம் வாசிக்கச் சென்றதும் அவர்தான்.

யாரெல்லாம் அவர் வழியில் வந்தார்கள்?

வாய்ப்பாட்டில் ஜி.என்.பாலசுப்ரமணியம். அவரது அதிவேகப் பிருகாக்களில் ராஜரத்தினத்தின் நாதஸ்வரத் தாக்கம் பளிச்சென்று தெரியும். நேரடிச் சீடர் காருகுறிச்சி அருணாசலம். 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு போட்டி போடும் அந்த ஆபேரி நாதஸ்வரம் அவருடையது. அதைக் கேட்ட ஒவ்வொருவரும் ராஜரத்தினத்தின் பாணியையும் கொஞ்சம் கேட்டவர்கள்தான்.

1955-ல் சங்கீத நாடக அகாடமி விருது. அடுத்த ஆண்டு, 1956 டிசம்பர் 12-ல் மாரடைப்பால் காலமானார். வயது 58. நிறைய சம்பாதித்தார், தாராளமாகச் செலவழித்தார், சேர்த்துவைக்கவில்லை.

இன்றைக்கு ஏன் இது முக்கியம்?

இப்போது யூடியூபில் தேடினால் அந்தத் தோடி நொடியில் கிடைக்கும். கீறல் சத்தத்துக்கு நடுவிலும் நாதம் கம்பீரமாக எழும். பதிவு இல்லையென்றால், அவர் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு பிறந்த நமக்கு அவர் வெறும் பெயர்தான்.

ஆனால், அதே பதிவுதான் இன்று மண்டபத்தில் பென் டிரைவாக உட்கார்ந்து, உயிரோடு இருக்கும் கலைஞரின் ஒரு நாள் சம்பளத்தை எடுத்துக்கொள்கிறது. ராஜரத்தினத்தின் தட்டு, கேட்டவர்களை நேரில் கேட்க அழைத்தது. அடுத்த திருவிழாவில் கூட்டம் கூடியது. பென் டிரைவ் யாரையும் எங்கேயும் அழைப்பதில்லை, அந்த ஐந்து நிமிடத்தை நிரப்பிவிட்டு நின்றுவிடும். கருவி மாறியதைவிட, நாம் கேட்கிற விதம் மாறியதுதான் பெரிய வித்தியாசம்.

சீவாளி செய்கிறவர், ஆச்சா மரத்தைக் கடைகிறவர், தவிலுக்குத் தோல் கட்டுகிறவர் என ஒரு நாதஸ்வரக் கச்சேரிக்குப் பின்னால் பல குடும்பங்கள் இருக்கின்றன. அடுத்த முறை வீட்டில் ஒரு விசேஷம் என்றால், முதலில் டி.என்.ஆரின் தோடியை ஒருமுறை கேளுங்க. அப்புறம் உங்கள் ஊர் நாதஸ்வரக்காரருக்கு ஒரு போன் போடுங்க.