கிருமியைத் தேடின ஊர்ல சாப்பாட்டுத் தட்டைப் பார்த்த டாக்டர்!

பெல்லாக்ரா. இந்தப் பேரை உங்கள்ல பெரும்பாலானோர் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. அதுக்கு முக்கியமான ஒரு காரணம், ஜோசப் கோல்ட்பெர்கர்.

100 வருஷங்களுக்கு முன்னாடி அமெரிக்காவின் தென் மாநிலங்களை நடுங்க வெச்ச நோய் இது. வெயில் படுற கை, கழுத்து, முகமெல்லாம் சிவந்து தோல் உரியும். அடுத்து வயிற்றுப்போக்கு, அதுக்கப்புறம் மனக்குழப்பம், பலருக்கு மரணம். ஒவ்வொரு வசந்த காலத்திலும் சொல்லிவெச்ச மாதிரி திரும்பி வரும்.

கோல்ட்பெர்கர் 1874-ல் அன்றைய ஆஸ்திரியா-ஹங்கேரியில் பிறந்த யூதர். சின்ன வயசிலேயே குடும்பத்தோட நியூயார்க் வந்துட்டார். அப்பா மளிகைக் கடை வெச்சிருந்தார். வீடுகளுக்குச் சாமான் கொண்டுபோய்க் கொடுக்குறது பையனோட வேலை. பின்னாடி டாக்டராகி, அரசுச் சுகாதாரத் துறையில் சேர்ந்து, தொற்றுநோய்களைத் துரத்தித் துரத்தி ஆராய்ந்தார். மஞ்சள் காய்ச்சல், டெங்கு, டைஃபஸ்னு அவரையும் அந்த நோய்கள் விடலை. 1914-ல் அவரைத்தான் பெல்லாக்ராவைக் கவனிக்க அனுப்பினாங்க.

அந்தச் சமயத்துல பெரும்பாலான டாக்டர்கள், இது தொற்றுநோய்னு உறுதியா நம்பினாங்க. சும்மா இல்லை, கையில டேட்டாவும் இருந்துச்சு. தாம்ப்சன்-மெக்ஃபேடன் கமிஷன்னு ஒரு குழு, சவுத் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க் மாவட்டத்துல இருந்த பருத்தி மில் குடியிருப்புகளை வீடு வீடா ஆராய்ந்தது. நோயாளி இருக்கும் வீட்டுக்குள்ளேயும் பக்கத்து வீடுகளிலும்தான் புதுசா நோய் வருது, சரியான கழிப்பிட வசதி இல்லாத இடத்துல அதிகமா வருதுனு சொன்னது. மேப்பில் புள்ளி வெச்சா கொத்துக் கொத்தா தெரியும். அப்போ கிருமிதானேனு நீங்களும் சொல்லியிருப்பீங்க.

கோல்ட்பெர்கர் கண்ணுல வேற ஒண்ணு பட்டுச்சு. அநாதை இல்லங்களிலும் மனநல மருத்துவமனைகளிலும் உள்ளே இருப்பவங்களுக்கு நோய் வருது. அவங்களைப் பார்த்துக்குற நர்ஸுகளுக்கும் ஊழியர்களுக்கும் வர்றதில்லை. ஓர் இல்லத்துல 6 முதல் 12 வயசுக் குழந்தைகள்தான் அதிகம் பாதிக்கப்பட்டாங்க. கைக்குழந்தைகளுக்குப் பால் கிடைச்சது, வேலை செய்யுற பெரிய பிள்ளைகளுக்குக் கூடுதல் சாப்பாடு கிடைச்சது. நடுவுல இருந்தவங்களுக்கு மக்காச்சோளமும் பாகும்தான். எந்தக் கிருமி இப்படி வயசு பார்த்துக் கடிக்கும்? பால், முட்டை, இறைச்சி, பருப்பு கொடுக்க ஆரம்பிச்சதும் அந்த இல்லங்கள்ல நோய் காணாமப் போச்சு.

ஆனா இல்லங்களுக்கு வெளியே, சாதாரணக் குடும்பங்கள்ல இதை எப்படிக் காட்டுறது? இங்கதான் எட்கர் சைடன்ஸ்ட்ரிக்கர் என்ற பொருளாதாரப் புள்ளியியலாளர் வர்றார். 1916-ல் ரெண்டு பேரும் சவுத் கரோலினாவின் 7 மில் ஊர்களைத் தேர்ந்தெடுத்தாங்க. 700-க்கும் மேற்பட்ட வீடுகள், 4,000-க்கும் மேற்பட்ட மக்கள். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு வீட்டுக்கும் போய், தோலில் அந்தத் தடிப்பு இருக்கானு பார்த்தாங்க. கூடவே, வசந்த காலத்துல 15 நாளுக்கு வீட்டுல வாங்கின பால், இறைச்சி, மாவு எல்லாத்தையும் குறிச்சாங்க. மளிகைக் கடைப் பையன் திரும்பவும் மளிகைக் கணக்குக்கே வந்துட்டார், பாருங்க!

6 பேர் இருக்குற வீட்டையும் 2 பேர் இருக்குற வீட்டையும் எப்படி ஒப்பிடுறது? ஒரு வளர்ந்த ஆண் சாப்பிடும் அளவை ஒரு அலகா வெச்சு, பெண்களையும் குழந்தைகளையும் அதுல பங்காகக் கணக்கிட்டு, வருமானத்தையும் உணவையும் அந்த அலகால் வகுத்தாங்க. கேட்க போர் அடிக்கும். ஆனா ஆய்வோட உயிரே இதுதான். வருமானம் கூடக் கூட நோய் படிப்படியா இறங்குச்சு. நோய் வந்த வீடுகள்ல பாலும் புது இறைச்சியும் குறைவு. இந்த ஆய்வில் சுகாதார வசதிக்கும் நோய்க்கும் சம்பந்தம் தெரியலை.

அப்போ அந்தக் கொத்து? அடுத்தடுத்த வீடுன்னா ஒரே மில் சம்பளம், ஒரே கம்பெனி கடை, ஒரே மாதிரி சாப்பாடு. புள்ளிகள் சேர்ந்து நின்னதுக்கு அது போதும்.

ஊருக்கு ஊர் வித்தியாசமும் இருந்துச்சு. நியூபெரியில் வருஷம் முழுக்க இறைச்சிக் கடை உண்டு, சுத்துப்பட்டுப் பண்ணைகள்ல இருந்து பால் வரும். அங்கே பெல்லாக்ரா தலைகாட்டலைனே சொல்லலாம். இன்மன் மில்ஸ் ஊரைச் சுத்தி எங்கே பார்த்தாலும் பருத்தி. அங்கே நோய் தாண்டவமாடுச்சு. ஒரே வருமானம் இருந்தாலும், வாங்குறதுக்குக் கடையில் பொருள் இருக்கணுமில்ல?

எதிர்த்தவங்க விடலை. அதனால அதே 1916-ல் கோல்ட்பெர்கர் நோயாளிகளின் ரத்தத்தைத் தனக்குள்ள ஏத்திக்கிட்டார், அவங்க மலத்தையும் தோல் செதிலையும் மாத்திரையா உருட்டி விழுங்கினார். மனைவி மேரியும் ரத்த ஊசி போட்டுக்கிட்டாங்க. யாருக்கும் நோய் வரலை. எல்லாரும் பேசுறது இந்தக் கதையைத்தான். என்னைக் கேட்டா, அந்த மளிகைக் கணக்குதான் பெரிய சாகசம்.

ஏன்னா அது வறுமைன்னு பேர் சொல்லிச்சு. தென் மாநில அரசியல்வாதிகளுக்கு அது அவமானமாப் பட்டுச்சு, கோபப்பட்டாங்க. 1927 மிசிசிப்பி வெள்ளத்துக்குப் பிறகு கோல்ட்பெர்கரும் சைடன்ஸ்ட்ரிக்கரும் அந்தப் பகுதிக்குப் போனாங்க. விலை மலிவான ஈஸ்ட் இந்த நோயைத் தடுக்கும்னு அவர் ஏற்கெனவே கண்டுபிடிச்சிருந்தார். செஞ்சிலுவைச் சங்கம் அதை வெள்ளம் பாதிச்ச மக்களுக்குக் கொடுத்தது.

1929 ஜனவரியில், 54 வயசுல, சிறுநீரகப் புற்றுநோயால் கோல்ட்பெர்கர் இறந்தார். அவர் தேடின சத்து நியாசின்னு 1937-ல்தான் தெரிஞ்சது. 1940-களில் அமெரிக்காவில் ரொட்டி மாவுலேயே அதைக் கலக்க ஆரம்பிச்சாங்க.